வாட்ச் செய்த பிரெகே: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாவி கொடுத்து ஓடும் வாட்சுகளைப் பற்றிப் பேச்சு வந்தால் கொஞ்ச நேரத்திலேயே பிரெகேயின் பெயர் வந்துவிடும். கூடவே சில சந்தேகங்களும் வரும். கேட்கும் ஆள் மாறினாலும் சந்தேகங்கள் பெரும்பாலும் அதேதான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திரும்பச் சொல்லவில்லை, அதனால் வரிசையாகப் படிப்பது நல்லது.

பிரெகேங்கிறது ஒரு கம்பெனி பேர் இல்லையா? அப்படி ஒரு ஆள் நிஜமாவே இருந்தாரா?

இருந்தார். ஆபிரகாம் லூயி பிரெகே 1747 ஜனவரி 10 அன்று, இன்றைய சுவிட்சர்லாந்தில் உள்ள நியூஷாட்டெல் நகரில் பிறந்தார். 1775-ல் பாரிஸில் சொந்தப் பட்டறை போட்டார். 1823 செப்டம்பர் 17 அன்று அங்கேயே காலமானார். இன்று விலை உயர்ந்த கைக்கடிகாரங்களின் டயலில் காணும் பெயர் அவருடையதுதான். அந்த நிறுவனமும் அவர் போட்ட பட்டறையின் வழியில் வந்ததுதான்.

அவர் கைபடாத பாகம் வாட்சில் குறைவு. ஹேர்ஸ்பிரிங், பேலன்ஸைக் காக்கும் அமைப்பு, மணியடிக்கும் கம்பி, முள்ளின் வடிவம், டயலின் வேலைப்பாடு எல்லாவற்றிலும் அவருடைய முத்திரை இருக்கிறது. இவை என்ன என்பது கீழே வரும். ஆனால் எல்லாவற்றையும் முதன்முதலில் கண்டுபிடித்தவர் என்று அவரைப் புகழ்வதில் எனக்கு உடன்பாடில்லை. பிறர் பாதியில் விட்டதையும் அவர் முழுமையாக்கினார், வாங்கியவர் வருடக்கணக்கில் நம்பிப் பையில் வைத்திருக்கும்படி செய்து கொடுத்தார். அவருடைய பெருமை அதில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

அவர் சுவிஸ்காரரா, பிரெஞ்சுக்காரரா? ரெண்டு நாடும் சொந்தம் கொண்டாடுதே?

இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. அவருடைய முன்னோர் பிரான்ஸைச் சேர்ந்த புராட்டஸ்டண்ட்டுகள். 1685-ல் பதினான்காம் லூயி அவர்களுடைய வழிபாட்டு உரிமையைப் பறித்தபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நாட்டை விட்டு வெளியேறின. பிரெகே குடும்பமும் அப்படித்தான் நியூஷாட்டெலுக்கு வந்து சேர்ந்தது. பிரெகே பிறந்தபோது அந்த ஊர் பிரஷ்ய மன்னரின் ஆளுகைக்கு உட்பட்ட சிற்றரசு. சுவிஸ் கூட்டமைப்பில் ஒரு மாநிலமாக அது சேர்ந்தது 1815-ல்தான். அப்போது பிரெகேக்கு வயது 68.

பிறப்பால் நியூஷாட்டெல், தொழிலால் பாரிஸ் என்று சொன்னால் யாருக்கும் அநியாயம் இல்லை. தன் ஊர்த் தொடர்பை அவர் கடைசி வரை விடவில்லை. அந்தத் தொடர்பு அவருடைய உயிரையே காப்பாற்றிய கதை கீழே வருகிறது.

இது அவங்க பரம்பரைத் தொழிலா?

இல்லை. அவருக்குப் பதினொரு வயதாகும்போது அப்பா இறந்துவிட்டார். அம்மா ஜோசப் தத்தே என்பவரை மறுமணம் செய்துகொண்டார். தத்தே குடும்பம் வாட்ச் வேலை செய்யும் குடும்பம். மாற்றாந்தந்தைதான் பையனை இந்த வேலைக்குள் கொண்டுவந்தார். 1762-ல், 15 வயதில், வெர்சாய் நகரில் ஒரு வாட்ச்காரரிடம் தொழில் பழகச் சேர்த்துவிட்டார்கள்.

பகலில் பட்டறை, மாலையில் பாரிஸின் மசாரின் கல்லூரியில் கணக்குப் பாடம். அங்கே சொல்லிக்கொடுத்த பாதிரியார் மரீக்குப் பையனை மிகவும் பிடித்துப்போனது. பின்னாளில் அரசவைக்கு வழி திறந்துவிட்டவரும் அவர்தான். 1775-ல் சிசில் லூயிலியே என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டு, அதே ஆண்டு செய்ன் நதித் தீவில் 'கடிகாரக் கரை' என்று பெயர் பெற்ற தெருவில் தொழில் தொடங்கினார். அடுத்த ஆண்டு மகன் அந்துவான் லூயி பிறந்தான். 1780-ல் மனைவி இறந்துவிட்டார். பிரெகே மறுமணம் செய்துகொள்ளவில்லை.

பேட்டரி இல்லாம வாட்ச் எப்படி ஓடுது? இது தெரிஞ்சாத்தானே மத்தது புரியும்?

ஆமாம், இது தெரியாமல் மேலே போனால் எல்லாம் வெறும் பெயர்களாகத்தான் இருக்கும். சாவி கொடுக்கும்போது ஒரு டப்பாவுக்குள் இருக்கும் பட்டைச் சுருள் இறுகுகிறது. அது மெயின்ஸ்பிரிங். அது விரியத் துடிக்கும் விசையால் பற்சக்கரங்கள் சுழலும். தடுக்க ஆளில்லாவிட்டால் எல்லாச் சக்கரமும் கடகடவென்று சுற்றி ஓய்ந்துவிடும். ஒவ்வொரு பல்லாக நிறுத்தி நிறுத்தி விடுவது எஸ்கேப்மென்ட். எந்த வேகத்தில் விட வேண்டும் என்று அதற்குச் சொல்வது பேலன்ஸ் வீல். அந்தச் சக்கரம் இப்படியும் அப்படியும் திரும்பிக்கொண்டே இருக்கும். அதைத் திருப்பித் திருப்பி இழுப்பது தலைமுடி போல மெல்லிய ஹேர்ஸ்பிரிங்.

வாட்ச் சரியான நேரம் காட்டுமா என்பது இந்தக் கடைசி இரண்டு பாகங்களின் கையில் இருக்கிறது. பேலன்ஸின் அச்சு நுனி ஊசி முனையை விடச் சிறியது. குலுக்கினால் ஆட்டம் மாறும், குளிரில் ஸ்பிரிங் விறைக்கும், கீழே விழுந்தால் நுனி முறியும், எண்ணெய் கெட்டியானால் வேகம் குறையும். பிரெகே தன் வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியது இந்த எதிரிகளோடுதான்.

ஆட்டோமேட்டிக் வாட்சைக் கண்டுபிடிச்சது இவர்தானே?

இல்லை. சாவி கொடுக்காமலே, வைத்திருப்பவரின் அசைவால் தானே இறுகிக்கொள்வதுதான் ஆட்டோமேட்டிக் வாட்ச். நியூஷாட்டெல் பக்கத்து மலையூரான லெ லோக்கிளைச் சேர்ந்த ஆபிரகாம் லூயி பெரலே இவருக்கு முன்பே செய்துவிட்டார். முதல் இரண்டு பெயரும் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பமும் இதில் உண்டு. கால் மணி நேரம் நடந்தால் பெரலேயின் வாட்ச் எட்டு நாள் ஓடும் என்று 1777-ல் ஜெனீவாவின் கலைச் சங்கத்துக்கு அறிக்கை கொடுத்திருக்கிறார்கள். லியேஜ் நகரின் யூபேர் சார்த்தோன் 1778-ல் பாரிஸ் அறிவியல் கழகத்திடம் சமர்ப்பித்த அமைப்பு இன்றைய ஆட்டோமேட்டிக் வாட்சில் சுழலும் எடைக்கு, அதாவது ரோட்டருக்கு, நெருக்கமானது. பெருமை இவர்களில் யாருக்கு என்று இன்னும் வாதம் நடக்கிறது.

பிரெகேயின் தானியங்கி வாட்ச் 1780-ல் வெளியே வந்தது. ஆர்லியன்ஸ் கோமகன் முதலில் வாங்கினார், 1782-ல் அரசி மரீ அந்துவானெத் கைக்கு ஒன்று போனது. பிரெகேயின் வாட்சில் பிளாட்டினத்தால் ஆன ஒரு கனமான துண்டு, நடக்கும் அசைவுக்கு ஏற்ப மேலும் கீழும் ஊசலாடி மெயின்ஸ்பிரிங்கை இறுக்கும். முழுவதும் இறுகியதும் அந்தத் துண்டு தானே பூட்டிக்கொள்ளும், ஸ்பிரிங் அறுந்துபோகாது. இதற்கு முன்னிருந்த வாட்சுகள் நம்பகமாக வேலை செய்யாமல் பெயர் கெட்டிருந்த நேரம் அது. இவர் கொடுத்த வாட்சுகள் ஓடின. அரசவையில் அவர் பெயர் பரவியதற்கு அதுவே காரணம்.

'பிரெகே முள்', 'பிரெகே எண்கள்'னு மத்த கம்பெனி வாட்சுக்கும் சொல்றாங்களே, அது என்ன?

மெல்லிய நீல முள், நுனிக்குச் சற்று முன்னால் நடுவில் துளை விட்ட ஒரு சின்ன வட்டம். அதுதான் பிரெகே முள். 1783 வாக்கில் அவர் கொண்டுவந்தது. கொஞ்சம் சாய்ந்து, எழுத்தாணியால் எழுதியது போல இருக்கும் அரபு எண்கள் பிரெகே எண்கள். அன்றைய வாட்ச் முட்களில் பூவேலையும் கொடிவேலையும் நிறைந்திருக்கும், மணி பார்க்கவே கண்ணை இடுக்க வேண்டும். இவர் அத்தனையையும் உதறிவிட்டார்.

டயலில் கடைசல் இயந்திரம் கொண்டு நுணுக்கமான கோடுகளைச் செதுக்கும் 'கியோஷே' வேலையை 1780-களில் அவர் வாட்சுக்குக் கொண்டுவந்தார். அழகு ஒருபக்கம் இருக்கட்டும், வழவழப்பான வெள்ளி டயலில் வெளிச்சம் பட்டுக் கண் கூசுவதை அந்தக் கோடுகள் தடுக்கின்றன. மணி வட்டம் ஒரு மாதிரிக் கோடு, விநாடி வட்டம் வேறு மாதிரிக் கோடு என்று பிரித்துவிட்டால் பார்த்த மாத்திரத்தில் கண் சரியான இடத்துக்குப் போகும்.

பட்டனை அமுக்கினா மணி அடிக்கிற வாட்ச் எதுக்கு? வெறும் ஆடம்பரம்தானே?

அப்போது மின்விளக்கு கிடையாது. நடு இரவில் மணி தெரிய வேண்டுமென்றால் மெழுகுவத்தி ஏற்ற வேண்டும். ரிப்பீட்டர் வாட்சில் ஒரு பொத்தானை அழுத்தினால் எத்தனை மணி, எத்தனை கால் மணி என்று அடித்துச் சொல்லும். முன்பெல்லாம் இதற்கு வாட்சுக்குள் ஒரு சின்ன வெண்கல மணியே வைப்பார்கள், வாட்ச் பருத்துவிடும். 1783-ல் பிரெகே மணியை எடுத்துவிட்டு, இயந்திரத்தைச் சுற்றி வளைத்த ஒரு எஃகுக் கம்பியை வைத்தார். வாட்ச் மெலிந்தது, ஒலியும் இனிமையானது. இன்றும் மணியடிக்கும் வாட்சுகளில் அந்தக் கம்பிதான்.

கீழே போட்டாலும் உடையாத வாட்ச் செஞ்சாராமே?

1790-ல் செய்தார். பேலன்ஸின் அச்சு நுனிதான் வாட்சின் மிகப் பலவீனமான இடம் என்று மேலே சொன்னேன். அதுவரை அந்த நுனி அசையாத கல்லில் உட்கார்ந்திருக்கும், அடி விழுந்தால் முழு வேகமும் நுனியில் இறங்கும். பிரெகே நுனியைக் கூம்பாகத் தேய்த்து, அது உட்காரும் கல்லை ஒரு சின்ன ஸ்பிரிங் பட்டையில் பொருத்தினார். வாட்ச் விழுந்தால் கல் விலகிக் கொடுத்து, அடி தணிந்ததும் பழைய இடத்துக்கே வந்துவிடும்.

ராஜதந்திரி தாலிராந்தின் வீட்டு விருந்தில் பிரெகே தன் வாட்சை எல்லோரும் பார்க்கத் தரையில் எறிந்து, ஓடிக்கொண்டிருந்ததை எடுத்துக் காட்டினார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியோ, அமைப்பு உண்மை. பழைய எச்எம்டி வாட்ச் டயலில் 'பாரா ஷாக்' என்றும், சுவிஸ் வாட்சுகளில் 'இன்காப்ளாக்' என்றும் எழுதியிருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அவற்றின் மூதாதை இதுதான். பிரெகே செய்த எல்லாவற்றிலும் சாதாரண மனிதர்களுக்கு அதிகம் பயன்பட்டது இது என்பேன்.

அரசிக்கு வாட்ச் செஞ்சவரு, பிரெஞ்சுப் புரட்சியில எப்படித் தப்பினாரு?

ஊர்க்காரர் ஒருவரின் தயவால். புரட்சியின் தீவிரத் தலைவரான ஜான் பால் மாரா பிறந்த பூத்ரி என்ற ஊர் நியூஷாட்டெல் சிற்றரசைச் சேர்ந்தது. இருவரும் நண்பர்கள். ஒருமுறை கோபம் கொண்ட கூட்டம் மாராவைத் தேடி ஒரு வீட்டைச் சூழ்ந்துகொண்டபோது, பிரெகே அவருக்குக் கிழவி வேடம் போட்டுக் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தார் என்று சொல்வார்கள். அந்த நன்றிக்கடனாக, 1793-ல் பிரெகேயின் தலைக்கு ஆபத்து நெருங்கியபோது நாட்டை விட்டு வெளியேற மாரா அனுமதிச் சீட்டு வாங்கிக் கொடுத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. அந்த ஜூலையில் மாரா குத்திக் கொல்லப்பட்டார். ஆகஸ்டில் பிரெகே பாரிஸை விட்டுக் கிளம்பிவிட்டார். அக்டோபரில் அரசியின் தலை போனது.

ஜெனீவா, நியூஷாட்டெல், லெ லோக்கிள் என்று ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கழிந்தன. பாரிஸில் பட்டறை சிதைந்துபோயிருந்தது. 1795-ல் அவர் திரும்பி வந்து எல்லாவற்றையும் மறுபடி தொடங்கினார். அப்போது வயது 48. அவரை இன்று நாம் நினைவில் வைத்திருக்கும் வேலைகளில் பாதிக்கு மேல் அதற்குப் பிறகு வந்தவை.

'பிரெகே ஹேர்ஸ்பிரிங்'னு வாட்ச் ரிப்பேர் செய்றவங்க சொல்றாங்களே, சாதா ஸ்பிரிங்குக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

1675-ல் டச்சு அறிஞர் ஹைகன்ஸ் வாட்சுக்குள் கொண்டுவந்த ஹேர்ஸ்பிரிங் தட்டையான சுருள், கொசுவத்திச் சுருளைப் போல. அதன் வெளிமுனை ஓரத்தில் பிணைக்கப்பட்டிருக்கும். அதனால் சுருள் விரியும்போது எல்லாப் பக்கமும் சமமாக விரியாது, ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகும். அந்தத் தள்ளல் பேலன்ஸின் அச்சில் விழும். வாட்ச் முழுச் சாவியில் ஒரு வேகத்திலும், சாவி இறங்கும்போது வேறு வேகத்திலும் ஓடும்.

பிரெகே 1795-ல் செய்தது பார்க்க மிகச் சின்ன விஷயம். வெளிச் சுற்றை மட்டும் இடுக்கியால் மேலே தூக்கி, மற்ற சுற்றுகளுக்கு மேலாக உள்பக்கம் வளைத்துவிட்டார். இப்போது சுருள் நடுவை விட்டு நகராமல் சுற்றிலும் ஒரே சீராக விரிந்து சுருங்கும். எந்த வளைவு சரியானது என்பதற்கான கணிதத்தை பிரெஞ்சுப் பொறியாளர் பிலிப்ஸ் வகுத்தது 1861-ல். கண்ணையும் கையையும் மட்டும் நம்பி அறுபது ஆண்டுக்கும் மேல் முன்னதாக அந்த வளைவுக்குப் பக்கத்தில் போய்விட்டார் பிரெகே. இங்கிலாந்தின் ஜான் அர்னால்ட் உருளைச் சுருளின் முனைகளை ஏற்கெனவே வளைத்துப் பார்த்திருந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். தட்டைச் சுருளுக்கு, அதாவது மெல்லிய பாக்கெட் வாட்சுக்கு, அது பொருந்தும்படி செய்தது பிரெகே.

ராஜா ராணிக்கு மட்டும்தான் செஞ்சாரா? சாதாரண ஜனங்க வாங்க முடிஞ்சுதா?

ஏழைகள் வாங்கக்கூடிய வாட்ச் அவர் செய்ததே இல்லை. ஆனால் புரட்சிக்குப் பின் பழைய வாடிக்கையாளர்களில் பலர் இறந்திருந்தார்கள் அல்லது நாட்டை விட்டு ஓடியிருந்தார்கள். கையில் முதலும் இல்லை. அப்போது அவர் யோசித்ததுதான் 'சந்தா வாட்ச்'. விலை 600 லிவ்ர் (பழைய பிரெஞ்சு நாணயம்). கால் பங்கை முன்பணமாகக் கட்டிப் பெயரைப் பதிய வேண்டும், மீதியை வாட்ச் வரும்போது கொடுக்கலாம். வரும் முன்பணத்தில் ஒரே மாதிரி வாட்சுகளைத் தொகுதி தொகுதியாகச் செய்தார்கள்.

அந்த வாட்சை நெருங்கிப் பாருங்கள். சுமார் 60 மில்லிமீட்டர் அகலத்தில் பால்வெள்ளை எனாமல் டயல். ஒரே ஒரு முள். ஒவ்வொரு மணிக்கும் அடுத்த மணிக்கும் இடையே பன்னிரண்டு கட்டங்கள், ஒரு கட்டம் ஐந்து நிமிடம். முள் 3-க்கும் 4-க்கும் நடுவில் சரிபாதியில் நின்றால் மூன்றரை, அதற்கு அடுத்த கோட்டைத் தொட்டால் 3:35. டயல் பெரிதாக இருப்பதால் இரண்டு மூன்று நிமிட வித்தியாசத்தைக் கூட ஊகிக்கலாம். உள்ளே மெயின்ஸ்பிரிங் டப்பா நட்டநடுவே பெரிதாக உட்கார்ந்திருக்கும், மற்ற பாகங்கள் அதன் இருபுறமும் ஒழுங்காக அமர்ந்திருக்கும். ஊர்ப்பக்கத்து வாட்ச்காரர் கூடக் கழற்றிச் சரிசெய்ய வசதியாக எளிமையாக அமைத்தார். வேண்டாததை எல்லாம் எடுத்துவிட்டால் மிஞ்சுவது இது. அவர் வேலைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இந்த வாட்ச்தான்.

'ரகசியக் கையெழுத்து'ன்னா என்ன?

பெயர் பெரிதானதும் போலிகள் குவிந்தன. லாயக்கற்ற வாட்சுகளில் பிரெகே பெயரைப் பொறித்து ஐரோப்பா முழுக்க விற்றார்கள். 1795 வாக்கிலிருந்து அவர் டயலில் 12-க்குப் பக்கத்தில் தன் பெயரையும் வாட்சின் எண்ணையும் மிகச் சிறிய எழுத்தில் மெல்லிய கோடாகக் கீறத் தொடங்கினார். நேராகப் பார்த்தால் தெரியாது. டயலைச் சாய்த்து, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி பிடித்தால்தான் எழுத்து எழும். பெரிய எழுத்தைச் சிறிதாக்கிப் பிரதியெடுக்கும் ஒரு கருவியால் கீறியது அது. கள்ள வாட்ச் செய்பவர்களிடம் அவ்வளவு நுணுக்கமான கருவி இல்லை.

டூர்பில்லான்னா என்ன? ஏன் அவ்வளவு பேச்சு?

பாக்கெட் வாட்ச் நாள் முழுக்கச் சட்டைப் பையில் செங்குத்தாக நிற்கும். பேலன்ஸ் வீலில் ஒரு பக்கம் கடுகளவு கனம் கூடினாலும், அந்தப் பக்கம் கீழே இருக்கிறதா மேலே இருக்கிறதா என்பதைப் பொறுத்து வாட்ச் முந்தும் அல்லது பிந்தும். முற்றிலும் சமமான சக்கரம் செய்வது அன்றைக்கு நடக்காத காரியம். பிரெகே வேறு வழியில் போனார். பேலன்ஸ், ஹேர்ஸ்பிரிங், எஸ்கேப்மென்ட் எல்லாவற்றையும் ஒரு கூண்டுக்குள் வைத்து, அந்தக் கூண்டே மெதுவாகச் சுற்றும்படி செய்தார். பெரும்பாலும் நிமிடத்துக்கு ஒரு சுற்று, சில வாட்சுகளில் நான்கு அல்லது ஆறு நிமிடத்துக்கு ஒன்று. கனமான பக்கம் கீழே இருக்கும்போது வரும் பிழையை, அது மேலே போகும்போது வரும் எதிர்ப்பிழை சரிக்கட்டிவிடும்.

1801 ஜூன் 26 அன்று இதற்குப் பத்தாண்டுக் காப்புரிமை கிடைத்தது. செய்வது அவ்வளவு கடினம் என்பதால் அவர் காலத்தில் பட்டறையிலிருந்து வந்தவை நாற்பதை ஒட்டித்தான் இருக்கும். கூண்டு எடை கூடினால் மெயின்ஸ்பிரிங் திணறும், எடை குறைத்தால் கூண்டு வளையும்.

அப்போ இன்னைக்குக் கைக்கடிகாரத்துல டூர்பில்லான் இருந்தா நேரம் துல்லியமா காட்டுமா?

கொடுக்கும் விலைக்குத் தகுந்த மாதிரி காட்டாது. மேலே சொன்ன பிரச்சினை ஒரே நிலையில் செங்குத்தாக நிற்கும் வாட்சுக்குத்தான். கை ஒரு நாளில் ஆயிரம் விதமாகத் திரும்புகிறது, பிழைகள் தாமாகவே கலந்து சமனாகிவிடுகின்றன. மேஜையில் படுக்க வைத்த வாட்சுக்கு டூர்பில்லானால் எந்தப் பயனும் இல்லை. போதாததற்கு, இன்றைய உலோகங்களும் இயந்திரங்களும் பேலன்ஸை மிகச் சமமாகச் செய்து தருகின்றன. இன்று டூர்பில்லான் வாங்குபவர் அந்தக் கைவேலைக்காக வாங்குகிறார். அதில் தவறில்லை, ஆனால் துல்லியத்துக்காக என்று சொல்லி யாராவது விற்றால் நம்ப வேண்டாம்.

இங்கிலாந்து வாட்ச்காரங்களோட போட்டி இருந்திருக்குமே?

நாடுகளுக்கிடையே போர் இருந்தது, இந்த இருவருக்கிடையே இல்லை. ஹேர்ஸ்பிரிங் பதிலில் வந்த ஜான் அர்னால்டும் பிரெகேயும் ஒருவரை ஒருவர் மிகவும் மதித்தார்கள். அர்னால்டின் மகன் பாரிஸில் பிரெகேயிடம் தொழில் பழகினான், பிரெகேயின் மகன் லண்டனில் அர்னால்டிடம் பழகினான். 1799-ல் அர்னால்ட் இறந்துபோனார்.

பிறகு பிரெகே செய்தது என்னை எப்போதும் நெகிழ வைக்கும். தன்னுடைய முதல் டூர்பில்லானை எடுத்து, அர்னால்ட் தொடக்க காலத்தில் செய்த 11-ஆம் எண் வாட்சுக்குள் பொருத்தினார். அர்னால்டின் நினைவுக்குத் தன் மரியாதை என்று அதன் மேல் பொறித்து, 1808-ல் அவருடைய மகனுக்குக் கொடுத்தார். பிரான்ஸும் இங்கிலாந்தும் போரில் இருந்த ஆண்டு அது. அந்த வாட்ச் இப்போது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நெப்போலியன் இவரோட வாடிக்கையாளரா?

ஆம். 1798 ஏப்ரலில், எகிப்துப் படையெடுப்புக்குக் கிளம்பும் முன், தளபதி போனபார்ட் மூன்று கடிகாரங்கள் வாங்கினார். அதில் ஒன்று நாள்காட்டி கொண்ட பயணக் கடிகாரம். நெப்போலியனை வென்ற வெல்லிங்டனும், அவரை எதிர்த்த ரஷ்யப் பேரரசர் முதலாம் அலெக்சாண்டரும், இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜும் கூட வாடிக்கையாளர்கள்தான்.

உலகத்தின் முதல் கைக்கடிகாரம் இவர் செஞ்சதுங்கிறது உண்மையா?

ஆவணம் இருக்கிறது, வாட்ச் இல்லை. நெப்போலியனின் தங்கையும் நேப்பிள்ஸ் அரசியுமான கரோலின் முரா 1810 ஜூன் 8 அன்று கையில் கட்டும் வாட்ச் ஒன்றுக்குச் சொல்லிவைத்ததாகப் பட்டறைக் கணக்கில் இருக்கிறது. எண் 2639. நீள்வட்ட வடிவம், மணியடிக்கும் வசதி, வெப்பமானி, தங்க இழையும் தலைமுடியும் சேர்த்துப் பின்னிய பட்டை. 1812 டிசம்பரில் தயாரானது. 1849-லும் 1855-லும் பழுதுபார்க்க வந்ததும் பதிவாகியிருக்கிறது. அதன் பிறகு அது எங்கே போனது என்று தெரியவில்லை.

அதற்கு முன்பே கையில் அணியும் கடிகாரங்கள் இருந்ததாகக் குறிப்புகள் உண்டு, வேறு சிலர் பாட்டெக் பிலிப் என்ற சுவிஸ் நிறுவனம் 1868-ல் செய்ததை முதல் என்கிறார்கள். கைக்காகவே சொல்லிவைத்துச் செய்தது என்று கணக்குப் புத்தகச் சான்றோடு காட்டக்கூடிய மிகப் பழைய வாட்சுகளில் ஒன்று என்று சொன்னால் சரியாக இருக்கும்.

மரீ அந்துவானெத் வாட்ச் கதை என்ன? திருடு போச்சாமே?

1783-ல் அரசியின் காவல்படை அதிகாரி ஒருவர் அரசிக்காக ஒரு வாட்ச் கேட்டார். தெரிந்த எல்லா நுட்பமும் அதில் இருக்க வேண்டும், முடிந்த இடத்தில் எல்லாம் தங்கம், செலவுக்கும் காலத்துக்கும் வரம்பு இல்லை. எண் 160. மேலே சொன்ன தானியங்கி அமைப்பும், பேலன்ஸைக் காக்கும் அமைப்பும், நிமிடம் வரை அடித்துச் சொல்லும் ரிப்பீட்டரும், லீப் ஆண்டைக் கூடக் கணக்கில் கொள்ளும் நாள்காட்டியும், வெப்பமானியும் எல்லாம் உள்ளே. 823 பாகங்கள். முடிந்தது 1827-ல். அரசி இறந்து 34 ஆண்டு, பிரெகே இறந்து நான்கு ஆண்டு ஆகியிருந்தது.

பல கை மாறி, இங்கிலாந்தின் சர் டேவிட் சாலமன்ஸின் சேகரிப்பு வழியாக அது ஜெருசலேமில் உள்ள எல்.ஏ. மேயர் அருங்காட்சியகத்துக்குப் போனது. 1983 ஏப்ரலில் ஒரு இரவு, நூற்றுக்கும் மேற்பட்ட கடிகாரங்களோடு அதுவும் களவு போனது. இருபது ஆண்டுக்கும் மேல் துப்புக் கிடைக்கவில்லை. திருடன் இறந்தபின் ஒரு வழக்கறிஞர் மூலமாக அருங்காட்சியகத்துக்குத் தகவல் வந்தது. வாட்ச் மீண்டது 2007-ல் உலகுக்குத் தெரிந்தது. இதற்கிடையில் அதன் மறு உருவாக்கத்தைத் தொடங்கியிருந்த பிரெகே நிறுவனம் 2008-ல் அதைக் காட்சிக்கு வைத்தது.

இவ்வளவு வாட்சையும் ஒரே ஆளா செஞ்சாரு?

இல்லை. பெரிய பட்டறை, பாகங்களில் பல வெளியிலிருந்தும் வந்தன. டென்மார்க்கின் உர்பன் யூர்கென்சன் போல வெளிநாட்டு இளைஞர்கள் அவரிடம் வந்து பழகிப் போய்ப் பெரிய ஆளானார்கள். வடிவம் யோசிப்பது, சோதிப்பது, தேறாததைத் திருப்பி அனுப்புவது ஆகியவை பிரெகேயின் வேலை. 1815-ல் அவர் பிரெஞ்சுக் கடற்படையின் கடிகாரக்காரரானார், 1816-ல் அறிவியல் கழக உறுப்பினரானார்.

அவருக்கு அப்புறம் என்ன ஆச்சு? விமானம் செஞ்ச பிரெகே இவரா?

மகன் அந்துவான் லூயி தொடர்ந்தார். பேரன் லூயி கிளெமான் மின்தந்தியின் பக்கம் போனார். ஈஃபில் கோபுரத்தில் பொறித்த 72 பெயர்களில் உள்ள பிரெகே இந்தப் பேரன்தான். வாட்ச் தொழில் 1870-ல் பட்டறைத் தலைவராக இருந்த எட்வர்ட் பிரவுனிடம் போய், நூறாண்டு அந்தக் குடும்பத்தில் இருந்தது. 1970-களில் பட்டறை சுவிட்சர்லாந்தின் ஜூ பள்ளத்தாக்குக்கு மாறியது, 1999-ல் ஸ்வாட்ச் குழுமம் வாங்கியது. விமானம் செய்த லூயி சார்ல் பிரெகே நம்மவரின் எள்ளுப்பேரன், 1880-ல் பிறந்தவர்.

எங்க வீட்டுல ஒரு பழைய பாக்கெட் வாட்ச் இருக்கு, 'பிரெகே'ன்னு போட்டிருக்கு. ஒரிஜினலா இருக்குமா?

அவர் உயிரோடு இருந்தபோதே போலிகள் அதிகம் என்று ரகசியக் கையெழுத்துப் பதிலில் பார்த்தோம். அதனால் போலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனாலும் பார்த்துவிடுவது நல்லது. கூட்டிலும் உள் இயந்திரத்திலும் ஒரே எண் இருக்கிறதா என்று பாருங்கள். டயலைச் சாய்த்து, பக்க வெளிச்சத்தில் ஒரு லென்ஸ் வைத்து 12-க்குப் பக்கத்தில் தேடுங்கள். கையெழுத்து இல்லாத நிஜ வாட்சுகளும் உண்டு, கையெழுத்தையே நகலெடுத்த போலிகளும் உண்டு.

கடைசித் தீர்ப்பு கணக்குப் புத்தகத்தில்தான். எந்த எண் வாட்ச், யாருக்கு, எந்தத் தேதியில், என்ன விலைக்குப் போனது என்ற பதிவேடுகளை நிறுவனம் பாரிஸில் இன்றும் காத்து வருகிறது. எண்ணையும் தெளிவான படங்களையும் அனுப்பினால் தேடிச் சொல்வார்கள். பதில் வரும் வரை வாட்சைப் பாலிஷ் போடக் கொடுக்காதீர்கள். எண்ணெய் வற்றிய வாட்சுக்குச் சாவி கொடுத்து ஓட்டியும் பார்க்காதீர்கள், அச்சு தேய்ந்துவிடும்.